மிருணாளினியின் இடாப்பு

நித்தியானந்தன் நாற்பத்தாறு பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தான். சும்மா சொல்லக்கூடாது, செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு டூங்கபித் தமிழ்ச் சனத்தை வீட்டை விட்டுக் கிளப்புவதென்றால் லேசுப்பட்ட வேலையா? ஆளுக்கு ஆள் போன், வாட்ஸப்பில் நாளுக்கு மூன்று நினைவூட்டல், கார் இல்லாதவர்களுக்கு வான் வண்டி. பாடசாலை நூலகத்தின் குட்டிக் கதிரைகளில் வளர்ந்த மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் புத்தக அலுமாரிகளில் சாய்ந்து நின்றார்கள். பிள்ளைகள் எல்லாரும் பின்மூலைக் கம்பளத்தில் ஐபாட்டும் கையுமாகக் குந்தியிருந்தார்கள். யன்னல் ஓர மேசையில் மூன்று தட்டம் நிறையப் பொரித்த ரோல்ஸ், வெற்றி அறிவித்ததும் திறப்பதற்கு.

தேர்தல் அவனுக்குக் கைவந்த கலை. பிழைப்புக்கு பரமட்டாவில் பஸ் ஓட்டினாலும், பழைய மாணவர் சங்கத்தில் மூன்று தலைவர்களை ஆக்கிவிட்டவன் அவன். அங்கே சூத்திரம் ஒன்றுதான்: அன்றைக்கு எவன் கூட ஆள் கொண்டுவருகிறானோ அவன் பக்கம் வெற்றி. இப்போது சொந்த மனைவி, மகள் மயூரா படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். விடுவானா?

"இஞ்சருங்கோ, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ" என்று மிருணாளினி இரண்டு தரம் சொன்னாள். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

அவள் கேட்டது ஒரேயொரு விஷயம். பள்ளிக்கூடத்தில் காலைப் பராமரிப்பு அறை ஒன்றுண்டு. பெற்றோர் சங்கம்தான் அதை நடத்துகிறது. ஏழரைக்குத் திறக்கிற அந்த அறையை ஆறரைக்குத் திறக்கவேண்டும். ஆஸ்பத்திரியிலும் களஞ்சியத்திலும் ஏழு மணிக்கு வேலை தொடங்குகிற தாய் தகப்பன்மார் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? மூன்று வருஷமாக அங்கத்தவராக இருந்து கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவ்வளவு தேவை இருப்பதாகத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு தரமும் அன்பாகப் பதில் சொன்னார்கள். தலைவராக வந்தால் தானே செய்யலாம் என்று நின்றுவிட்டாள்.

"ஒரு மணித்தியாலக் கதையை மேடையிலை கதைக்காதையும்" என்று நித்தியானந்தன் அவளுக்கு ஆலோசனை சொல்லியிருந்தான். "பெரிசா ஏதும் சொல்லும். தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, அப்பிடி."

அவள் தலையாட்டினாள். ஓம் என்று சொல்லவில்லை.

கூட்டம் தொடங்கியது. பதவி விலகும் தலைவர் டெபி, வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுசி, நிறைந்த சபையைப் பார்த்து முதலில் வாயைப் பிளந்தார். ஆறு வருஷத்தில் இவ்வளவு சனத்தைத் தான் கண்டதேயில்லை என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதியை வாசித்தார். ஏற்கெனவே பெயர் பதிந்த அங்கத்தவர்கள் மட்டுமே இன்று வாக்களிக்கலாம். இன்றைக்குச் சேர்கிறவர்களுக்கு அடுத்த கூட்டத்திலிருந்துதான் வாக்கு. பட்டியலில் இருப்பவர்கள் பதினொரு பேர்.

வெண்ணெய் திரளுகிற நேரத்தில் தாழி உடைந்தது. நித்தியானந்தனுக்குப் பக்கத்தில் இருந்த ஜெயரட்ணம் அங்கிள் மெல்லக் குனிந்தார்.

"என்ன தம்பி, எங்களுக்கு வோட் இல்லையாமோ?"

"இல்லையாம் அங்கிள்."

"அப்ப நாங்கள் ஏன் வந்தனாங்கள்?"

இப்படியே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நித்தியானந்தனுக்கு இருந்தது. பதினொரு பேரில் தமிழ் ஆள் மிருணாளினி ஒருத்திதான். ஆக்களைக் கூட்டிவரவேண்டாம் என்று அவள் ஏன் சொன்னாள் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது.

அவளை எதிர்த்து நின்ற கிரெக் ஒரு சட்டத்தரணி. திரையில் படம் போட்டு, புது விளையாட்டுத் திடல், நிழற்கூரை, ஐந்தாண்டுத் திட்டம் என்று தண்ணீர் ஓடுகிறமாதிரிப் பேசினார். அவர் பேசி முடிக்க நித்தியானந்தனே கைதட்டிவிட்டான்.

அடுத்து மிருணாளினி எழும்பினாள். நீல நிறச் சட்டை, முதியோர் இல்லச் சமையலறையில் பின்னேர வேலைக்குப் போகிற அதே சப்பாத்து. அவளுடைய ஆங்கிலத்தை நினைத்து அவன் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தான். அவள் கையில் பேச்சு எழுதிய தாள் இல்லை. மூலை மடிந்த ஒரு கொப்பி இருந்தது. அதை அவன் வீட்டில் கண்டிருக்கிறான். சமையல் குறிப்பு என்று நினைத்திருந்தான், மடையன்.

போன வருஷம் ஜூன் பதினெட்டு, புதன்கிழமை, காலை ஆறு முப்பத்தெட்டு, நடுக் குளிர்காலம், மூன்று பாகை என்று அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள். பூட்டிய கேற்றுக்கு வெளியே ஒன்பது பிள்ளைகள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் அவர்களோடு நிற்கிறேன், பெயர்களை இதில் எழுதி வைத்திருக்கிறேன், இன்றைக்கு அவர்களை வரச்சொல்லியிருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஐந்தாண்டும் இல்லை, திட்டமும் இல்லை.

பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனையை எடுத்து, கூப்பிடத் தொடங்கினாள்.

"கஜீவன்."

"ஹியர், மிஸ்!"

பின்மூலையிலிருந்து வந்தது. அந்தப் பொடியன் ஐபாட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பழகிய வாய் தானாகச் சொன்னது. மிருணாளினி ஒரு அடையாளம் போட்டாள்.

"ஜஸ்லீன்."

"ஹியர், மிஸ்."

"லியாம்."

"ஹியர்!"

அப்போதுதான் நித்தியானந்தன் திரும்பிப் பார்த்தான். கதவடியில் தான் அழைக்காத முகங்கள் நின்றன. தாதிச் சீருடையோடு ஒருத்தி, மஞ்சள் மேற்சட்டையோடு களஞ்சியத்து ஆள் ஒருவன், தலைப்பாகையோடு ஒரு தகப்பன். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, ஒருவரும் சொல்லாமலே, சுவரோரம் வரிசையாக நின்றது. மயூராவும் அந்த வரிசையில் போய் நின்றாள். "நானும் அம்மாவும் லைனுக்குப் போறம்" என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! விடிய நாலு மணிக்கு பஸ் எடுக்கப் போகிறவன், மனைவி உடம்பு இளைக்க நடக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தான். என்ன லைன் என்று ஒருநாள் கேட்டானா?

பெயர் கூப்பிட்ட அந்தக் குரல் அவன் அறியாத குரல். கலியாணமான புதிதில் ஒரேயொரு தரம் அவள் சொல்லியிருக்கிறாள். போர் முடிந்த கையோடு செட்டிகுளம் அகதி முகாமில், பதினேழு வயதில், கூடாரப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வரவு இடாப்புக் கூப்பிட்டது அவள்தானாம். வந்தால் ஒன்று, வராவிட்டால் சைபர் என்பது ஊர்ப் பள்ளிக்கூட வழக்கம். "நான் ஒருநாளும் சைபர் போடேல்லை" என்றாள். "இடம் விட்டனான். பிறகு வந்தால் போடலாம்தானே." அதற்குமேல் அவள் சொல்லவில்லை, அவனும் கிண்டவில்லை. பயந்த சுபாவம், பாவம், என்றுதான் இத்தனை வருஷமும் அவளைப் பற்றி நினைத்திருந்தான்.

"அமீரா."

பதில் இல்லை.

"அமீரா" என்றாள் மறுபடியும், அதே நிதானத்தோடு. கதவடிச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அவள் கொஞ்ச நேரம் காத்துநின்றாள். பிறகு கொப்பியை மூடாமலே போய் இருந்தாள்.

டெபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவேண்டும் என்று சபைக்குச் சொன்னார். மிருணாளினிக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள், அங்கத்தவர்கள் மட்டும், என்றார்.

நித்தியானந்தனின் கை தன்பாட்டில் எழும்பியது. மற்றக் கையால் அதைப் பிடித்து இறக்கினான். முன்வரிசையில் ஒரு கை. இரண்டு. நாலு. டெபியின் கையும் எழுந்தது. செயலாளர் பேனையை நீட்டி எண்ணி எட்டில் நிறுத்தினார். சுவரோரம் நின்ற பிள்ளைகளும் கையை உயர்த்தியிருந்தார்கள். இறக்கச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாக்கில்லாத நாற்பத்தாறு பேருக்கும் தட்டுவதற்குக் கை இருந்ததே! ஜெயரட்ணம் அங்கிள் ரோல்ஸ் தட்டத்தின் தாளைக் கிழித்தார். கிரெக் வந்து கைகுலுக்கினார், டெபி கட்டிப்பிடித்தார். மிருணாளினி எல்லாருக்கும் நன்றி சொன்னாள். சொல்லிக்கொண்டே சனத்தை விலக்கி நேரே கணவனிடம் வந்தாள். இவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்கே ஒரு தகுதி வேண்டும்போல் அவனுக்கு இருந்தது.

"அமீரா இண்டைக்குக் காலமையும் லைனுக்கு வரேல்லையப்பா" என்றாள். "பின்னேரம் கட்டாயம் வாறன் எண்டவள். அவையின்ரை வீடு உங்கடை பஸ் போற றோட்டிலைதானே?"

"ஓம்" என்றான். "வாரும், இப்பவே ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

அவள் கொப்பியை அவனிடம் தந்துவிட்டு மயூராவைக் கூப்பிடப் போனாள். அவன் விரித்த பக்கத்தைப் பார்த்தான். இன்றைய திகதிக்குக் கீழே எட்டு ஒன்றுகள், ஒரே அளவில், ஒரே நேரில். ஒன்பதாவது கட்டம் வெறுமையாக இருந்தது. நடுவில் பேனை செருகியிருந்தது, மூடி போடாமல்.