நல்லுசாமியின் பாடவேளை

விடிவதற்கு முன்பே மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் எஸ்லின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்தது. கஞ்சி தெறித்துவிடாதபடி ஒரு கையால் தாள்கட்டை மறைத்துக்கொண்டு மறு கையால் சிவப்புப் பேனாவை ஓட்டினாள். கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. இந்த வேலைக்குக் கல்லூரி காலணா தராது. வகுப்பில் நின்று பேசும் பாடவேளைக்குத்தான் கூலி. கேள்வித்தாள் எழுதுவது, திருத்துவது, தேர்வறையில் காவல் நிற்பது, மே மாத வெயிலில் தெருத்தெருவாக அலைந்து கல்லூரிக்குப் பிள்ளை பிடித்து வருவது எல்லாம் கல்விச் சேவையாம். பகுதிநேர விரிவுரையாளர் என்று பெயர். சம்பளம்தான் பகுதி, உழைப்பு முழுசு.

கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து கணவன் ரெக்ஸ் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"காண்ட்ராக்ட் ஆளுங்களை மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க எஸ்லின்."

அவள் பேனாவை மூடினாள். இனி வாடகையும் பாப்பாவின் பள்ளிக் கட்டணமும் தன் தலையில்தான் என்று புரிந்தது.

கல்லூரி கிருஷ்ணகிரி சாலையில் இருந்தது. கிரானைட்டில் கொழித்த மாதவன் அதன் தாளாளர். வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி போடக் கூடாது, உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கல்விக் கொள்கை. அவர் அறையில் மட்டும் சுழலும் நாற்காலி இருந்தது.

எஸ்லின் வேலை பார்த்த தமிழ்த்துறையில் மூத்தவர் நல்லுசாமி. மத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். நின்று நின்றே தலை நரைத்த மனிதர். கெண்டைக்கால் நரம்புகள் மண்புழு மாதிரி சுருண்டு புடைத்திருக்கும். அன்று இரண்டாவது பாடவேளையில் பக்கத்து வகுப்பிலிருந்து மாணவிகளின் அலறல் கேட்டு எஸ்லின் ஓடினாள். மேடையெங்கும் ரத்தம். நல்லுசாமி கரும்பலகையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கால்சட்டை நனைந்து, ஷூவுக்குள் ரத்தம் சொதசொதத்தது. கையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது.

"நரம்பு வெடிச்சிருக்கும்மா. பெல் அடிக்கிற வரைக்கும் சமாளிச்சிருவேன்" என்றார். பாதியில் விட்ட வகுப்புக்குக் கூலி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முன்பெஞ்சு மாணவி துப்பட்டாவைக் கழற்றிக் காலை இறுக்கிக் கட்டினாள். வணிகவியல் ஆஸ்டின் அவரை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கம்ப்யூட்டர் துறை லாவண்யா வாளித் தண்ணீரோடு வந்து தரையைத் துடைத்தாள். பார்த்துக்கொண்டு நின்ற எஸ்லினுக்கு ஒரு நினைப்பு வந்தது. இவருடைய பாடவேளை இனி யாருக்கு? அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் மாதவன் தமிழ்த்துறையில் மிச்சமிருந்த எஸ்லின், பூங்கொடி, ராஜேஷ்குமார் மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினார்.

"நல்லுசாமிக்கு இனிமே முடியாது. வீட்ல இருக்கட்டும். அவரு ஹவரை மூணு பேரும் பிரிச்சுக்கங்க. உங்களுக்கும் வருமானம்தான?"

சாயங்காலமானால் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ராஜேஷ்குமார் தரையைப் பார்த்தான்.

"அவரு ஆஸ்பத்திரிச் செலவு சார்?" என்று பூங்கொடி கேட்டாள்.

"ஹவருக்கு வர்றவருக்கு நான் ஏம்மா வைத்தியம் பாக்கணும்? இன்னைக்குப் பாதியில விட்ட கிளாஸே கணக்குல வராது."

"ஒரு சேர் இருந்திருந்தா..." என்று மறுபடி பூங்கொடி ஆரம்பித்தாள்.

"சேரா? டாக்டர் பட்டத்தோட நூறு பேரு கேட்டுக்கு வெளிய நிக்கிறான். காலையில பதில் சொல்லுங்க."

பஸ் நிறுத்தத்தில் எஸ்லின் மறைக்காமல் சொன்னாள்: "எனக்கு அந்த ஹவர் வேணும். ரெக்ஸுக்கு வேலை போவுது."

"எனக்கு மட்டும் வேணாமாக்கா?" என்றான் ராஜேஷ்குமார்.

"வேணும்னு தெரிஞ்சுதான அந்தாளு நீட்டறான்" என்றாள் பூங்கொடி. "நாளைக்கு உன் காலு வெடிச்சா உன் ஹவரை என்கிட்ட நீட்டுவான். நானும் கையேந்தி வாங்கிக்குவேன். அப்புறம் என் காலு."

கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பூங்கொடி போனை எடுத்து மற்றத் துறைக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தாள். இரண்டாவது அழைப்பு முடிவதற்குள் எஸ்லினும் தன் போனை எடுத்தாள்.

மறுநாள் காலை மாதவன் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். எல்லாத் துறைக்காரர்களும் அங்கே இருந்தார்கள். எஸ்லின் எழுந்தாள்.

"அந்த ஹவர் எங்களுக்கு வேணாங்க சார். அவரு காலு ஆறி வர்ற வரைக்கும் அவரு இடம் அவருக்கே இருக்கட்டும். வைத்தியச் செலவைக் காலேஜ் குடுக்கணும். கிளாஸுக்கு ஒரு சேர் போடுங்க. பேப்பர் திருத்தறதுக்கும் கூலி வேணும்."

மாதவன் சிரித்தார். "தமிழ் எடுக்கறதுக்கு வித்வானா வேணும்? தமிழ் தெரிஞ்ச எவனும் எடுக்கலாம். யாருக்கு வேணும் அந்த ஹவரு? ஆஸ்டின், உனக்கு?"

ஆஸ்டின் தலையைச் சொறிந்தான். "நான் படிச்சது பூரா கன்னட மீடியங்க சார்."

"மங்கம்மா?"

"எங்க வீட்ல தெலுங்குங்க" என்றார் கணக்கு மங்கம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மாதவன் லாவண்யா பக்கம் திரும்பினார். அவள் கோவில்பட்டிக்காரி. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

"எனக்கும் தமிழ் தெரியாதுல்லா சார்" என்றாள்.

யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். மாதவனின் முகம் கறுத்தது.

"தமிழ்லயே சொல்றியே, வெக்கமா இல்ல?"

"இல்ல சார். நேத்து அய்யா ரத்தத்தைத் தொடைச்சவ நான். அதே எடத்துல ஏறி நின்னு அவுக பாடத்தை நடத்துனாத்தான் வெக்கம்."

"அத்தனை பேரையும் மாத்திக் காட்டறேன்" என்று கத்திவிட்டு மாதவன் வெளியேறினார். செய்யக்கூடிய ஆள்தான்.

முதல் மணி அடித்தது. வகுப்புக்குப் போக ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாடகை அப்படியே நின்றது, ரெக்ஸுக்கு வேலை போவது போவதுதான், சாயங்காலத்துக்குள் இந்த வேலையும் போகலாம். ராஜேஷ்குமார் போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"நல்லுசாமி சாருக்குப் போன் போடு எஸ்லின்" என்றார் மங்கம்மா. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு. நீயே சொல்லு."

ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. எஸ்லின் போனை மேசை நடுவில் வைத்தாள். எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

"அய்யா, எஸ்லின் பேசறேன்" என்றாள். "உங்க கிளாஸுக்கு யாரும் போகலைங்க."