டோண்டோக்கின் மின்வேலி

சூரியன் அத்தனை ஒழுங்காகத் துடிக்காது என்பதில் எர்ஷேனாவுக்குச் சந்தேகமே இல்லை. சைபீரியாவின் சயான் மலையடியில் சூரியனைக் கவனிக்க வரிசைகட்டி நிற்கும் ரேடியோ ஆன்டெனாக்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை. போன வாரம் ஒரு சூரிய வெடிப்பின் நடுவே, திரையில் சீப்பின் பல் போல ஒரே இடைவெளியில் முட்கள் எழும்பின. சன்னல் வழியே பார்த்தாள். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் டோண்டோக்கின் மின்வேலி. அதிலும் மின்சாரம் விட்டு விட்டுத்தான் பாயும். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

நேரே போய்ச் சத்தம் போட்டாள். "உங்க மாட்டுக்காக நான் சூரியன மூட்டை கட்டி வைக்கணுமாண்ணே?" அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். டோண்டோக் உடனே போய் வேலியின் மின்சாரத்தை நிறுத்தினார். அதன்பின் முட்கள் வரவில்லை. வெடிப்பும்தான் வரவில்லை, அம்மணி அதை யோசிக்கவில்லை.

அதே வெடிப்பைப் பற்றிய செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் பதிவு இன்று மதியம்தான் வந்தது. இரண்டு வரைகோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். ஒவ்வொரு முள்ளும் கச்சிதமாகப் பொருந்தியது. வானத்தில் சுற்றும் கருவிக்கு மாட்டு வேலியைப் பற்றி என்ன தெரியும்? துடித்தது சூரியனேதான். அவளுக்குக் காது மடல் வரை வெட்கம் சுட்டது.

அந்த நேரம் பார்த்து டோண்டோக் உள்ளே வந்தார். கையில் துணி சுற்றிய இறைச்சி.

"சினைக் கிடேரிம்மா. வேலியில கரண்ட் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு ரோட்டுக்குப் போயிருச்சு. லாரிக்காரன் அடிச்சுட்டான். கால் ஒடிஞ்சு கெடந்துச்சு, அறுத்துட்டோம். பக்கத்துல இருக்கவங்களுக்குப் பங்கு குடுக்காம இருக்க முடியுமா? எங்களால ஒன் வேல கெட்டுச்சு. மனசுல வச்சுக்காத."

உப்புத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து அவள் கூனிக் குறுகினாள்.

"அண்ணே, அது உங்க வேலி இல்லண்ணே. சூரியன்தான். சரியாப் பாக்காம நாலு பேர் முன்னாடி உங்களப் பேசிட்டேன். கிடேரி செத்ததும் என்னாலதான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் இறைச்சிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், தயங்கித் திரும்பினார்.

"அப்போ... இன்னைக்கு வேலியப் போட்டுக்கலாமாம்மா?"