பதினான்கு ஜாக்கெட்டும் ஒரு கயிறும்

தினமும் காலையில் கொட்டகையைத் திறந்ததும் படகோட்டியின் மனைவி செய்கிற முதல் வேலை, பதினான்கு உயிர்காப்பு ஜாக்கெட்டுகளையும் துடைத்து ஒரே கயிற்றில் கோத்துக் கட்டுவது. கைத்துளைகள் வழியாகக் கயிற்றை விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டால் காற்றில் ஒன்றுகூடப் பறக்காது. அந்த மூட்டையைப் படகின் பின்பலகையில் வைத்துவிடுவாள். கரையில் நின்றே எண்ணிப் பார்க்கிற அதிகாரிக்கு எண்ணிக்கை சரியாக இருக்கும். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு காலத்தில் ஏறுகிற எல்லோருக்கும் ஜாக்கெட்டை மாட்டித்தான் விட்டார்கள். பிறகு யாரோ ஒரு பயணி, எல்லாப் படத்திலும் ஆரஞ்சு மூட்டை மாதிரி இருக்கிறோம் என்று இணையத்தில் எழுதி இரண்டே இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இனிமே கேட்டா மட்டும் குடுங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் இந்த ஏரிக்கு விடுமுறை மாதத்தில் நாலு குடும்பம் வந்தாலே பெரிய விஷயம். மலைப்பாதையை அகலப்படுத்தினார்கள். பக்கத்து நகரத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது. டிக்கெட்டும் பஸ் கட்டணத்துக்குக் கிடைத்தது. வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆளுக்கொரு போன் வந்தது. ஒருத்தி இந்த ஏரியில் நின்று சிரித்த படத்தைப் பார்த்து, எங்கோ இருக்கிற இன்னொருத்தி அன்றைக்கே அறை பதிவு செய்கிறாள். கூட்டம் குவிந்ததில் படகோட்டியின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நட்சத்திரத்தில் இருந்த படகு ஐந்தைத் தொட்டது. கொட்டகை வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் அந்த ஐந்தையும் பெரிதாக வரைந்து வைத்தாள்.

அடுத்த படகுத் துறையில் இன்னொரு படகுக்காரர் உண்டு. கடைசி ஆள் ஜாக்கெட்டை மாட்டி முடிக்கும்வரை அவர் இன்ஜினைத் தொடமாட்டார். அவர் படகில் எப்போதும் பாதி இருக்கை காலி. அவருக்கு 'ஆரஞ்சு அண்ணன்' என்று பேர் வைத்ததே இவள்தான்.

அன்று மதியம் மூன்று மணி. படகு பதினான்கு பேரோடு நடு ஏரிக்குப் போயிருந்தது. கொட்டகையின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டபோது அவள் வெளியே வந்து பார்த்தாள். மேற்கே மலை மறைந்து, தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். மணி அவள் முதுகுக்குப் பின்னால், கொட்டகைக்குள்ளேயே அடித்தது. சார்ஜில் போட்டதை மறந்துவிட்டுப் போயிருந்தான்.

பைனாகுலரை எடுத்தாள். மேகம் மலையில் இறங்குவதைப் படம் பிடிக்க எல்லோரும் ஒரே பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் கையை வீசி உட்காரச் சொல்வது தெரிந்தது. ஒருவரும் உட்காரவில்லை. படகு சாய்ந்தது. அடுத்த அலையில் அதன் அடிப்பகுதி தெரிந்தது. பிறகு தண்ணீரில் ஆரஞ்சு நிறம் மிதந்தது.

"அப்பாடா, ஜாக்கெட்டோட இருக்காங்க" என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நிறம் ஒரே இடத்தில், ஒரே மூட்டையாக மிதந்தது. முடிச்சைப் போட்டது அவள் கைதான்.

அடுத்த துறைக்கு ஓடினாள். "அண்ணே, எங்க படகு..." என்றாள்.

"ஏறும்மா" என்றார் ஆரஞ்சு அண்ணன். அவள் கையில் ஒரு ஜாக்கெட்டைத் திணித்தார். "மொதல்ல இதப் போடு."

இன்ஜினை முழு வேகத்தில் விட்டார். நெருங்கியபோது, படகு நிமிர்ந்து, பாதி தண்ணீர் நிறைந்து ஆடிக்கொண்டிருந்தது. பதினொரு பேர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே குந்தியிருந்தார்கள். மூன்று பேர் தண்ணீரில். இரண்டு பேர் அந்த மூட்டையில் தொங்கினார்கள். பிடி வழுக்கி வழுக்கி மூழ்கி எழுந்தார்கள். மூன்றாவது ஒரு இளம்பெண். படகிலிருந்து குனிந்த படகோட்டியால் அவள் தலைமுடியைத்தான் பிடிக்க முடிந்திருந்தது. மற்றொரு கையால் முடிச்சை அவிழ்க்க முயன்று அவன் நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தது.

"அவுக்க முடியலடி" என்றான் மனைவியைப் பார்த்து. அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஆரஞ்சு அண்ணன் மூவரையும் ஒவ்வொருவராகத் தன் படகில் தூக்கிப் போட்டார். அந்தப் பெண் தண்ணீரைக் கக்கி, இருமி, மூச்சு விட்டாள். மற்றவர்களையும் அவர் தன் படகுக்கு மாற்றிக்கொண்டார்.

கரையில் போர்வை கொடுத்து, எல்லோரையும் வண்டியேற்றி அனுப்பியபோது மணி ஐந்து. கணவனும் மனைவியும் கொட்டகையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போன் சிணுங்கியது. பதினான்கு பேரில் யாரோ எழுதியிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம். 'மறக்க முடியாத த்ரில், கண்டிப்பாகப் போங்கள்.' கூடவே படகு சாய்வதற்குச் சற்று முன்னால் எடுத்த படம். எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள்.

கணவன் எட்டிப் பார்த்தான். "நல்லவேளை, நல்லபடியாதான் எழுதியிருக்காங்க. நாளைக்கு வழக்கம்போல தொறந்துடலாம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் படத்தப் பாத்துட்டு நாளைக்கு இன்னும் பதினாலு பேரு வருவாங்க. அவங்களுக்கும் இதே கயிறுதானா?"

"ஜாக்கெட்ட மாட்டிவிட்டா கூட்டம் கொறையுமே."

"கொறையட்டுங்க. ரோடு போட ஆள் இருக்கு, விமானம் விட ஆள் இருக்கு, போன்ல படம் காட்டிக் கூப்பிட ஊர்ப்பட்ட ஆள் இருக்கு. வர்றவங்களக் கொண்டுவந்து சேக்க அத்தன பேரு இருக்காங்க. வந்தவங்கள உசுரோட வீட்டுக்கு அனுப்புறதுக்கு நாம ரெண்டு பேருதான் இருக்கோம். அந்த ஒரு வேலைய நாம செய்யல."

அவள் அரிவாள்மணையை எடுத்து, மீட்டு வந்த மூட்டையில் ஈரத்தோடு இறுகிப் போயிருந்த முடிச்சை அறுத்தாள். பதினான்கு ஜாக்கெட்டுகளையும் தனித்தனியாகக் கொடியில் காயப்போட்டாள். பிறகு அறிவிப்புப் பலகையில் இருந்த ஐந்து நட்சத்திரத்தை அழித்துவிட்டு, 'ஜாக்கெட் மாட்டாமல் படகு கிளம்பாது' என்று எழுதினாள்.

அடுத்த துறையிலிருந்து வந்த ஆரஞ்சு அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஆரஞ்சுங்கிற பேரு எனக்கு மட்டும் இல்லம்மா."