மலைப்பாதைக் கடையில் விடாத மழை

காங் கோமாருக்கு வெறும் அடுப்பு ஆகவே ஆகாது. அடுப்பு ஒன்று எரிந்தால் பக்கத்துப் புதரிலிருந்து மூன்று திருடனாவது பாய்ந்து வரவேண்டும் அவருக்கு.

"அடுப்பைப் பாத்துக்கிட்டு சும்மா குந்தியிருக்கவா, நெங், ஒருத்தன் காசு குடுத்து கேம் வாங்குறான்? மூணு திருடனை இறக்கி விடு. அவனுக்கும் கை அரிப்பு தீரும், நமக்கும் புண்ணியமாப் போகும்."

தங்கச்சி முறை வைத்து இமாஸை 'நெங்' என்று கூப்பிட்டுக்கொண்டேதான் மனுஷர் கழுத்தை அறுப்பார். பாண்டுங்கில் இருந்த ஒரு கேம் கம்பெனிக்கு அவர்தான் தலை; எல்லாருக்கும் 'காங்', அதாவது அண்ணன். இமாஸ் அங்கே கிளைக்கதை அமைக்கிறவள். மெயின் கதையில் ராஜா சாகக் கிடக்கிறார். வீரன் மூலிகை தேடி மலை ஏறவேண்டும். போகிற வழியில் அவன் எங்கே ஒதுங்கலாம், யாருக்கு என்ன ஒத்தாசை செய்யலாம் என்பதெல்லாம் இமாஸ் பாடு. காணாமல் போன ஆடு, பேய் புகுந்த கிணறு என்று சொன்னதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள். தன் ஆசைக்கென்று வைத்தது ஒன்றே ஒன்று.

மலைப்பாதையில் ஒரு ஓலைக்கடை. வெளியே மழை ஊற்றுகிறது. கடைக்கார அம்மா, "விறகு எடுத்தாந்துடுறேன், அடுப்பு அணையாம பாத்துக்கப்பா" என்று போய்விடுவாள். வீரன் ஊதி ஊதிக் காக்கவேண்டும். திரும்பி வந்ததும் பண்ட்ரெக், அதுதான் இஞ்சியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்தது, ஒரு கிண்ணம் கொடுப்பாள். கதை முடிந்தது. சண்டையும் இல்லை, சாவும் இல்லை.

அதற்குத்தான் வந்தது வினை. வெளியாட்களைக் கூட்டிவந்து ஒரு வாரமாக ஆடவிட்டிருந்தார்கள். யார் எங்கே அதிக நேரம் நின்றார்கள் என்று காட்டும் வரைபடத்தை அன்று காலை கோமார் திரையில் போட்டார். மலையெல்லாம் வெளிர்ப்பச்சை. ஓலைக்கடை மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்து கிடந்தது.

"பாத்தியா? பண்ட்ரெக்கைக் குடிச்சதுக்கு அப்புறமும் ஒருத்தனும் நகரல. ஒண்ணு கால் எங்கேயோ சிக்குது, இல்லேன்னா வழி தெரியல. சாயங்கால மீட்டிங்ல இதைத் தூக்கிடுறேன்."

இமாஸ் தன் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். கடையின் ஒவ்வொரு மூலையிலும் வீரனை முட்டவிட்டுப் பார்த்தாள். எங்கும் சிக்கவில்லை. பாதையும் பளிச்சென்று எதிரிலேயே இருக்கிறது. பின்னே ஏன் நிற்கிறார்கள், பாவிகள்!

மத்தியானம் ஆட வந்தவர் மாங் தாதாங், அதாவது தாதாங் மாமா; பைக் டாக்ஸி ஓட்டுகிறவர். ஆடுகிறவர் பின்னால் கேமை அமைத்தவர் நிற்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் அங்கே சட்டம். இமாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கோமார்.

தாதாங் அடுப்பை அணையாமல் காத்தார். கிண்ணத்தை வாங்கினார். மணி அடித்தது, மூலிகைக்கு வழி ஒளிர்ந்தது. அவரோ கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, பையிலிருந்து பாலா-பாலா வடை ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"மாட்டிக்கிட்டாரு," என்று கோமார் அவள் காதில் ஓதினார்.

வடை தீர்ந்தது. இன்னொன்றும் தீர்ந்தது. தாதாங் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார், ஆனால் நகரவில்லை. கடைசியில் சட்டத்தை மீறியவர் கோமார்தான்.

"மாங், வழி தெரியலையா?"

"ஏன் தெரியாம? அதோ மின்னுதே."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

தாதாங் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மழை பெய்யுதுல்ல?"

"அது கேம் மழை மாங். நனைய மாட்டீங்க!"

"பெய்யுற மழையில எவனாவது கிளம்புவானா? கூரை கிடைச்சா நின்னு, விட்டதும் போறதுதான. ராஜா இன்னைக்கே செத்துட மாட்டாரு. ஆமா, நீங்க ஆபீசுக்கு எதுல வர்றீங்க?"

"கார்ல."

"அதான பாத்தேன்."

இமாஸுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. கூடவே தன் தலையில் தானே குட்டிக்கொள்ளவும் தோன்றியது. தினமும் பைக்கை ஓரங்கட்டிவிட்டு மேம்பாலத்தடியில் முன்பின் தெரியாதவர்களோடு மழைக்கு ஒதுங்கி நிற்கிறவள் அவள்; அவளுக்கே உறைக்கவில்லையே! வீரன் கடையை விட்டுப் போனால்தான் மழை நிற்கும் என்று அவள் வைத்திருந்தாள். மழை நின்றால்தான் போவோம் என்று ஊரே காத்திருந்திருக்கிறது. பாவம், எத்தனை பேர் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனார்களோ.

"காங், மீட்டிங்குக்குள்ள சரி பண்ணிடுறேன். தூக்கிடாதீங்க."

"பண்ணு. நானே ஆடிப் பாப்பேன். எனக்கு அலுத்துச்சுன்னா திருடன்தான், சொல்லிட்டேன்."

கிண்ணம் காலியானபின் மழை மெல்லமெல்லத் தணியும்படி மாற்றினாள். கூரை விளிம்பில் சொட்டு மட்டும் மிஞ்சும். அப்போது அந்த அம்மா எட்டிப் பார்த்து, "விட்டுருச்சுப்பா, பாத்துப் போ" என்பாள்.

சாயங்காலம் கோமார் உட்கார்ந்தார். இமாஸ் பின்னால் நின்றாள், வாய்ப்பூட்டோடு. அவர் அடுப்பை ஊதினார். பண்ட்ரெக் வந்தது. மணி அடித்தது, வழி ஒளிர்ந்தது. மழை இன்னும் பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. கோமாரின் விரல் விசைமேல் போய், அழுத்தாமல் நின்றது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். நாளெல்லாம் சுருங்கியே கிடக்கும் அந்த நெற்றி விரிந்ததைப் பார்க்க இமாஸுக்கு அத்தனை நிறைவாக இருந்தது.

கதவைத் தட்டிவிட்டு யாரோ தலையை நீட்டினார்கள். "காங், எல்லாரும் வந்தாச்சு. மீட்டிங்."

கோமார் திரும்பாமலே கையைக் காட்டினார்.

"இருங்கப்பா, மழை விடட்டும்."