மூன்றாவது தட்டு

ஆய்வகத்தில் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஈறுச் செல்கள். யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்கியபோது கிடைத்த துணுக்கிலிருந்து அவளே வளர்த்தெடுத்தவை. செல் உயிரோடிருந்தால் மஞ்சள் சாயம் ஊதாவாகும். கடையில் விற்கும் பற்பசையைக் கரைத்துவிட்ட குழிகள் ஊதாவாகத்தான் இருந்தன. தம்பியின் மூலிகைப் பற்பசை விட்ட வரிசை மட்டும் வெளிறிய மஞ்சளாகவே நின்றது. இது மூன்றாவது தட்டு.

அம்மா இறந்த வீட்டில் பேச்சு முற்றி, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று போனவன் தம்பி. ஆறு வருடம் சொன்ன சொல் தவறவில்லை. போன மாதம்தான் கூப்பிட்டான். வேலையை விட்டுவிட்டு வேப்பிலையும் கிராம்பு எண்ணெயும் சேர்த்துப் பற்பசை செய்கிறானாம், பரிசோதனைச் சான்று வேண்டுமாம். காரியம் ஆகவேண்டிக் கூப்பிடுகிறான் என்று தெரியாதவளா அவள்? ஆனால் அதன்பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிட்டான்.

"என்னக்கா, உன் பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டுட்டு ஒட்டிக்கிட்டுத் தூங்குதுங்க."

அவள் வளர்க்கும் செல்களைத்தான் பிள்ளைகள் என்பான். பதிலைக் கேட்டுச் சிரிப்பான். அப்படியே அப்பாவின் சிரிப்பு. அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஒரு மாதமாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முதல் தட்டு செத்தபோது தன் கையைக் குறை சொன்னாள். இரண்டாவதற்குச் சாயத்தை. இனிப் பழிபோட எதுவும் மிச்சமில்லை. பசையை இன்னும் கொஞ்சம் நீர்க்கவைத்துச் சான்று எழுதிவிட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. கை கழுவி முடிக்கும்வரை அதை நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவன் கூப்பிடும் சாயங்காலம்வரை காத்திராமல் மதியமே போனை எடுத்தாள்.

"செல்லுங்க செத்துப்போகுதுடா. கிராம்பு எண்ணெய் கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன். கொறச்சு அனுப்பு, திரும்பப் பாக்கலாம்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.

"எம்மேல இன்னும் கோவம் தீரலையாக்கா உனக்கு?"

"கோவமா? மொதத் தடவையே தெரிஞ்சுபோச்சுடா. சொன்னா நீ கூப்பிடறது நின்னுடுமேன்னுதான் சொல்லல."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டான். பார்க்கலாம் என்றது பசையையா, அவளையா என்று தெரியவில்லை.

உணவுக்கூடத்தில் வழக்கமான மூலை மேசை. போனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் திரை தெரியும்படி வைத்துக்கொண்டாள். கணக்குப்பிரிவுப் பெண் ஒருத்தி வந்து எதிர் நாற்காலியின் முதுகைத் தொட்டாள்.

"இங்க யாராச்சும் வராங்களா மேடம்?"

அவள் போனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பதில் வருவதற்குள் அந்தப் பெண் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பும் சத்தமுமாக ஏழு பேர் நெருக்கியடித்திருந்த மேசைக்குப் போய்விட்டாள்.