கூடத்துக்கு அடியில் பனிக்கட்டி

இந்திய எரிசக்தி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி இது: 1997 ஏப்ரலில், மயிலாப்பூரில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக் கூடத்துக்கு அடியில் வங்கக் கடலின் அடித்தரை வளர ஆரம்பித்தது.

அவர் தரமணியில் கடலடி வாயு தேடும் ஆய்வாளர். கப்பலிலிருந்து கடலுக்குள் ஓசை அனுப்பி, எதிரொலியைக் காகிதத்தில் கோடுகளாக வாங்குவார்கள். கடல்தரையின் கோட்டுக்குக் கீழே, அதே மேடுபள்ளத்தோடு இன்னொரு கோடு ஓடினால், அதற்கு மேலே வாயுவைச் சிறைபிடித்த பனிக்கட்டி, கீழே வெறும் வாயு என்று அர்த்தம். ஆபீஸ் மேஜை போதாமல் பன்னிரண்டு அடிச் சுருளை வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். பறக்காமலிருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். மூன்றாம் நாள் சுருட்டும்போது கீழ்க்கோடு காகிதத்தில் இல்லை. சிவப்பு சிமெண்டுத் தரை சில்லிட்டிருந்தது. விரிசலில் முளைத்த பனி, தீக்குச்சி காட்டியதும் எரிந்தது.

குளிரும் மேலே பாரமும் இருக்கும்வரைதான் அந்தப் பனி அடங்கியிருக்கும். பாரம் குறைந்தால் உடைந்து, ஒரு லிட்டருக்கு நூற்றறுபது லிட்டர் வாயு கிளம்பும், வீடு மிஞ்சாது. தினமும் குழவியால் தரையைத் தட்டி, கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரில் காதை வைத்துக் கேட்டார். யாராவது கடைக்குப் போனால், தரைக்கடியில் இறங்கியிருந்த கோடு ஓர் அங்குலம் மேலே ஏறியது. வைகாசியில் மகள் மதுவந்திக்குத் தி.நகரில் கல்யாணம். அன்றைக்கு வீடே காலி.

“முகூர்த்தத்தைத் தள்ளிப் போட்டா என்ன?” என்றார்.

“உங்க ஐஸுக்காக என் பொண்ணு ஆத்துலயே உக்காண்டிருக்கணுமா?” என்றாள் மனைவி ஜானு.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்தம்மா திரும்பினாள். “இன்னா சார், வெயிட்டுதான வோணும்? உங்க ஆபீஸ்ல சும்மா குந்திக்கினு கீறவங்கள இட்டாந்து குந்த வை.”

டெல்லிக்குக் கடிதம் போனது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பதினான்கு பேர் கொண்ட உயர்நிலை நிபுணர் குழு வந்து கூடத்தில் அமர்ந்தது. கோடு நாலடி இறங்கியது. மறுநாள் தாலி கட்டும்போது ஸ்ரீனிவாசராகவனின் காது மட்டும் மயிலாப்பூர்ப் பக்கமே இருந்தது. கெட்டிமேளத்தில் இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டார். வீடு திரும்பியபோது வீடு அப்படியே இருந்தது. குழு தனக்கு என்ன பெயர் வைப்பதென்று விவாதித்துக்கொண்டிருந்தது.

மதுவந்தி அடையாறில் குடித்தனம் வைத்தாள். குழு 1999 வரை எழுந்திருக்கவில்லை. விரிசலில் முளைத்ததை முத்தம்மா சுரண்டி அடுப்பிலிட்டு அவர்களுக்குக் காபி போட்டாள். பால் கொஞ்சம் சீக்கிரம் பொங்கியது.