மண்டோர் சிவானந்தத்தின் பெரட்டு

ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சிவானந்தத்துக்கு ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. முப்பது வருடக் கள்ளு சும்மா விடுமா? மனுஷனுக்கோ கவலை ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மகள் நவமணிக்குக் கல்யாணம்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வயிறு இரண்டு அங்குலம் இறங்கி, புத்தியும் தெளிவாக இருந்தால் கல்யாணத்துக்குப் போகலாம். புத்தி தடுமாறினால் ஈரலின் விஷம் தலைக்கேறுகிறதென்று அர்த்தம். உடனே கோலா குபு பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்ற வேண்டியதுதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மாடில்டா ஓர் அட்டையில் திட்டம் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டாள். தினமும் நிறை பார்ப்பது, தையல் நாடாவால் வயிற்றை அளப்பது. உப்பு கிடையாது, கள்ளு கனவிலும் கிடையாது. மண்டோரின் மனைவி காளியம்மா முதல் நாளே உப்பில்லாத குழம்பென்று சத்தியம் செய்து கொண்டுவந்தாள். உள்ளே கருவாடு கிடந்தது.

"நான் உப்பே போடலையே மிஸ்ஸி, கருவாடுதானே போட்டேன்."

மாடில்டாவுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

புத்தியைச் சோதிக்க அவள் தனி வழி வைத்திருந்தாள். படுத்துக் கிடப்பவனிடம் கிழமை கேட்டால் எவனுக்குத் தெரியும்? "பெரட்டு எடுங்க மண்டோர்" என்பாள். பால்மரம் சீவப் போகுமுன் விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிடும் அதே வரிசையில், அவர் கீழ் மரம் சீவும் நவமணி உட்பட இருபத்தாறு பேரையும் அவர் கூப்பிடுவார். ஒரு பெயர் தப்பியதில்லை. சனிக்கிழமைக்குள் வயிறும் இரண்டே கால் அங்குலம் இறங்கியது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் கலும்பாங்கிலிருந்து வழியெல்லாம் ராணுவச் சோதனைகளைத் தாண்டித் தோட்டத்துக் கம்பிவேலிக்குள் வந்துவிட்டார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் அவசரகாலம், ஊரடங்குக்கு முன் திரும்பியாக வேண்டும். மண்டோர் பெரட்டு எடுத்தார். அர்ஜுனன், லெட்சுமி என்று தொடங்கி இருபத்தைந்தில் நிறுத்திக்கொண்டார்.

நவமணி இல்லை. மாடில்டாவுக்குப் பகீரென்றது. பெற்ற மகளின் பெயரா மறக்கும்? இன்னொரு முறை எடுக்கச் சொன்னாள். மறுபடியும் இருபத்தைந்துதான்.

"ஒரு ஆள் குறையுதே மண்டோர்."

"குறையத்தானே செய்யும் மிஸ்ஸி. இனிமே அந்தப் புள்ள கலும்பாங்குலதானே பெரட்டுக்கு நிக்கப் போவுது. நானே பேர எடுத்துட்டேன்லா."

சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. மாடில்டாவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அட்டையில் 'புத்தி தெளிவு' என்று எழுதினாள். பிறகு, கல்யாணத்துக்கென்று காளியம்மா கொண்டுவந்திருந்த, போன மாதம் வயிற்றில் பூட்டவே பூட்டாத வெள்ளைச் சட்டையை அவருக்கு மாட்டி, அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டாள்.